டார்ச் அக்கா ஃபெயில் போட்ட வண்டி

வண்டி வந்து நின்றதும் டார்ச் அக்கா வண்டியைப் பார்ப்பதில்லை. கொண்டுவந்தவரின் கையைத்தான் பார்ப்பார். கை காலியாக இருந்தால் முகம் சுருங்கிவிடும்.

"பேப்பர் எங்க?"

"வண்டியே வந்திருக்கேக்கா, பேப்பர் எதுக்கு?"

"வண்டி இன்னிக்குக் குளிச்சிட்டு வந்திருக்கு. குளிக்காத நாளெல்லாம் பேப்பர்லதான் இருக்கு. போய் எடுத்துட்டு வாங்க."

பழைய வண்டி வாங்க ஆசைப்பட்டவர்கள், முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் ஒரு நடை வந்து போகிற இடம் இது. பஸ் நிலையத்துக்குப் பின்பக்கம், டயர்க்கடைக்கும் கண்ணாடி வெட்டும் கடைக்கும் நடுவில் ஒரு தகரக் கொட்டகை. பெயர்ப்பலகை கிடையாது. தரையின் நடுவே நீளமான குழி. ஆள் இறங்கி நின்றால் தலை மட்டும் வெளியே தெரியும். குழியின் இருபுறமும் சக்கரம் ஏறிப் பளபளத்த இரும்புப் பட்டைகள். சுவரோரம் பழைய டயர்களை அடுக்கி மேலே பலகை போட்டிருக்கிறார்கள். பேப்பர் படிக்கும்போது அக்கா உட்காருவது அதில்தான். மூக்குக் கண்ணாடி ஒரு கயிற்றில் தொங்கும், டார்ச் இன்னொரு கயிற்றில் தொங்கும். அவசரத்தில் டார்ச்சைக் கண்ணில் மாட்டப் போனதும் உண்டு என்று டயர்க்கடைக்காரர் சொல்கிறார். அக்கா மறுக்கிறார்.

அவர் கேட்கிற பேப்பர் ஒன்றும் ரகசியமில்லை. வருஷத்துக்கு ஒரு முறை வண்டியைப் பரிசோதனை நிலையத்துக்குக் கொண்டுபோய்ப் பாஸ் வாங்க வேண்டும் என்பது இங்கே சட்டம். ஒவ்வொரு முடிவும் கணினியில் ஏறிவிடும். வண்டி எண்ணைத் தட்டினால் மொத்த வரலாறும் அச்சாகி வரும். ஆனாலும் பலர் எடுப்பதில்லை. சீட்டின் தோலைத் தடவுவார்கள். கதவைச் சாத்தி அந்தக் கனத்த 'தொப்' சத்தத்தில் சொக்கிப்போவார்கள். பாட்டை அலறவிட்டுத் தலையாட்டுவார்கள். சொகுசு எஸ்யூவி என்றால் இன்னும் மோசம். உள்ளே ஏறி உட்கார்ந்ததும் பாதிப் பேருக்குக் குரலே மாறிவிடுகிறது.

அக்கா முதலில் பார்ப்பது கிலோமீட்டர்.

"வருஷம் ஏற ஏற இதுவும் ஏறணும். ஒரு வண்டிக்கு நடுவுல குறைஞ்சிருந்துச்சு. வித்தவரைக் கேட்டா, 'நல்லா பராமரிச்சேன்க்கா'ங்கறாரு. அந்தப் பராமரிப்பை எனக்கும் சொல்லிக்குடுங்க, எனக்கும் வயசு குறையட்டும்னேன்."

அடுத்தது, நடுவில் காணாமல் போன வருஷம். பரிசோதனைக்கே வராத அந்த வருஷத்தில் வண்டி எங்கே படுத்திருந்தது, எதில் மோதிவிட்டுப் படுத்திருந்தது என்று கேட்பார். பிறகு, பரிசோதனை நடந்த ஊர். "வீட்டுக்குப் பக்கத்துலயே நிலையம் இருக்கு. இவர் ஏன் அவ்வளவு தூரம் ஓட்டிட்டுப் போய் பாஸ் வாங்கினாரு? காத்து வாங்கவா?"

கடைசியாகத்தான் ஃபெயில்களைப் பார்ப்பார். மற்றவர்கள் முதலில் பார்ப்பதும், பார்த்ததும் ஓடுவதும் அதைத்தான். "ஃபெயில் ஆன வண்டின்னு ஏன் பயப்படறீங்க? எதுல ஃபெயிலு, எப்ப சரி பண்ணாங்க, அதே குறை திரும்ப வந்துச்சா, அதைப் பாருங்க. ஒரு தடவைகூட ஃபெயில் ஆகாத பழைய வண்டி வந்தா எனக்குத் தூக்கம் வராது."

இதையெல்லாம் அவர் கற்றுக்கொண்டது நகரத்துப் பரிசோதனை நிலையத்தில். அங்கே ரசீது எழுதும் கவுண்டரில்தான் வேலைக்குச் சேர்ந்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வரிசை, இந்தப் பக்கம் அவர். ஒருநாள் குழியில் வேலை செய்பவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். வெளியே வண்டிகள் ஹாரன் அடித்துக் கொட்டகையே அதிர்ந்தது. குழிக்குள் இறங்க ஆண்கள் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். இவர் செருப்பைக் கழற்றிவிட்டு, கவுண்டரில் மின்சாரம் போனால் பயன்படுத்தும் டார்ச்சை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார். "மேல இருந்து வண்டியைப் பார்த்தா எல்லா வண்டியும் பெரிய மனுஷன். கீழ இருந்து பார்த்தாதான் உண்மை தெரியும்" என்று எனக்குச் சொன்னார். அதற்கான பயிற்சி, தேர்வு எல்லாம் எழுதி முறைப்படி பரிசோதகர் ஆனது பிறகு. பெயர் மட்டும் அன்றைக்கே மாறிவிட்டது. அவர் கணவர் தையல்காரர். மனைவியின் வேலை உடுப்பில் டார்ச்சுக்கென்று தனிப் பை வைத்துத் தைத்தவர் அவர்தான். இப்போதும் பழைய உடுப்பு கிழிந்தால் புதியது அதே பையோடு வந்துவிடுகிறது.

நிலையத்தில் அக்காவுக்கு ஒரு பழக்கம் இருந்தது. ஃபெயிலான வண்டி பழுது பார்த்துத் திரும்பி வந்தால், மாற்றின பாகத்தின் நட்டை முதலில் சோதிப்பார். பிறகு மஞ்சள் பெயின்ட் பேனாவால் நட்டின் மேலும், அது உட்கார்ந்திருக்கும் இரும்பின் மேலும் சேர்ந்தாற்போல ஒரே கோடு போடுவார். அந்த நட்டைப் பிற்பாடு யாராவது திருப்பினால் கோடு உடைந்துவிடும். அடுத்த முறை டார்ச் அடித்தால் போதும், தொட்டுப் பார்க்கவே தேவையில்லை. மற்ற பரிசோதகர்கள் கேலி செய்தார்கள், "அக்கா கோலம் போட ஆரம்பிச்சிட்டாங்க" என்று. கொஞ்ச காலம் கழித்து அவர்களே அந்தக் கோட்டைத் தேடினார்கள்.

அந்த நிலையத்தில்தான் அவர் தன் தம்பியின் வேனை ஃபெயில் போட்டார்.

தம்பி அப்போது சொந்தமாக ஒரு வேன் வாங்கி, ஒரு கம்பெனி ஊழியர்களை ஏற்றி இறக்கும் முதல் ஒப்பந்தத்தைப் பிடித்திருந்தார். பரிசோதனைச் சான்றிதழோடு மறுநாள் போய் நிற்க வேண்டும். அக்காவின் வரிசையிலேயே வேனை விட்டார், சிரித்துக்கொண்டே. அக்கா குழியிலிருந்து ஏறி வந்தபோது சிரிக்கவில்லை. பிரேக் குழாய் ஓர் இடத்தில் சட்டத்தோடு உரசி உரசி மெலிந்துபோயிருந்தது.

"அக்கா, நாளைக்கு மட்டும் விடு. ஞாயித்துக்கெழமை மாத்திடறேன்."

"நாளைக்கு மலைப்பாதையில இறங்கறப்ப புட்டுக்கிச்சுன்னா ஞாயித்துக்கெழமை யாரு மாத்தறது?"

பாகம் வர நாளானது. ஒப்பந்தம் வேறொருவருக்குப் போனது. அன்றிலிருந்து தம்பி அக்காவோடு பேசுவதில்லை. வீட்டுக்கு வருவார், சாப்பிடுவார், அக்காவின் கணவரான மாமாவோடு அரட்டை அடிப்பார். அக்காவிடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் மனைவியிடம் சொல்வார். அக்கா எதிரிலேயே உட்கார்ந்திருப்பார். "தண்ணி வேணும்னு அவங்ககிட்ட சொல்லு" என்பார் தம்பி. மனைவி சொல்வதற்குள் தண்ணீர் வந்துவிடும். வருஷக்கணக்கில் இப்படித்தான் ஓடியது.

அக்கா இதற்காக அழுது நான் கேட்டதில்லை. "பாஸ் போட்டிருந்தா என்கிட்ட பேசியிருப்பான். பேசறதுக்கு இருந்திருப்பானான்னுதான் தெரியாது" என்றார், அவ்வளவுதான்.

அக்கா நிலையத்திலிருந்து ஓய்வு பெற்றார். இந்தக் கொட்டகையை வாடகைக்குப் பிடித்தார். தம்பி வேறு வேலைகள் தேடி அந்த வேனையே ஓட்டிக்கொண்டிருந்தார். இனி வருவது போன மழைக்காலத்தில் நடந்தது. அங்கே இருந்த எல்லாரும் சொன்னதை ஒட்டவைத்து எழுதுகிறேன். ஒருவர் சொன்னதை இன்னொருவர் மறுக்கவில்லை. பத்திரிகைக்கு எழுதுகிற என் தொழிலில் இது அபூர்வம்.

பெரிய ஹோட்டல் ஒன்று விமான நிலையத்திலிருந்து விருந்தினரை அழைத்து வர வண்டி தேடியது. வேன் உதவாது, சொகுசு எஸ்யூவிதான் வேண்டும். தம்பி வேனை விற்றுவிட்டார். ஒரு பல் டாக்டர் தன் எஸ்யூவியை விற்கப்போவதாகக் கேள்விப்பட்டுப் போய்ப் பார்த்தார். கறுப்பு வண்டி, யானை மாதிரி நின்றது. பார்த்தவுடனே மனதைப் பறிகொடுத்துவிட்டார். திங்கள்கிழமை காலை ஹோட்டல் வாசலில் வண்டியோடு நிற்க வேண்டும். நிற்காவிட்டால் ஒப்பந்தம் அடுத்துக் காத்திருப்பவருக்குப் போய்விடும். வேனும் கையில் இல்லை.

மனைவி ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். "அண்ணி பார்க்காம அந்த வண்டி நம்ம வாசலுக்கு வராது." அவர் மருந்துக் கடையில் காசாளர். காலாவதி தேதி பார்க்காமல் இருமல் மருந்தைக்கூட வாங்காதவர்.

டாக்டர் நல்ல மனிதர். "ஒரு நாள் வெச்சு ஓட்டிப் பாருங்க" என்று வியாழக்கிழமையே சாவியைக் கொடுத்துவிட்டார். வெள்ளிக்கிழமை காலை தம்பியும் மனைவியும் வண்டியைக் கொட்டகைக்குக் கொண்டுவந்தார்கள். மனைவி கையில் பேப்பர் இருந்தது. அக்கா முகம் மலர்ந்தது.

"வாம்மா. உன் கையைப் பார்த்தாலே வயிறு நிறையுது."

தம்பி டயர்க்கடைப் பக்கம் பார்த்தபடி நின்றார். "கொஞ்சம் சீக்கிரம் பார்க்கச் சொல்லு."

"காது இருக்கு, கேட்டிருப்பாங்க" என்றார் மனைவி.

அக்கா பலகையில் உட்கார்ந்து படித்தார். கிலோமீட்டர் ஒழுங்காக ஏறியிருந்தது. எந்த வருஷமும் விட்டுப்போகவில்லை. ஆரம்பம் முதல் ஒரே உரிமையாளர், ஒரே நகரம். பிறகு தொடக்கப் பக்கத்துக்கு வந்தார். முதல் வரியே ஃபெயில். முன்சக்கரங்களைத் தாங்கும் கைகளில், அதாவது இரண்டு லோயர் ஆர்ம்களிலும், புஷ் எனப்படும் ரப்பர் வளையம் கிழிந்திருந்தது. அடுத்த வரியில் மறுபரிசோதனை, பாஸ். இரண்டு வரிகளுக்கும் கீழே பரிசோதகர் எண்.

அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் மாட்டினார். "இது என் நம்பரு."

தம்பி மெதுவாக மனைவி பக்கம் திரும்பினார். "கேளு. அவங்க ஃபெயில் போடாத வண்டி இந்த ஊர்ல ஒண்ணாவது இருக்கான்னு கேளு."

"இருக்கு. என் வரிசைக்கு வராத வண்டி" என்றார் அக்கா, நேரே பதில் சொல்லி. அவருக்கு உள்ளுக்குள் சந்தோஷம். தான் போட்ட கோடு இன்னும் இருக்குமா என்று பார்க்க அவருக்குக் கை பரபரத்தது. வண்டியைக் குழியின் மேல் ஏற்றச் சொன்னார். டார்ச்சோடு இறங்கினார்.

இறங்கிய வேகத்திலேயே ஏறி வந்தார்.

"இந்த வண்டி வேண்டாம்."

கீழே வண்டியின் அடிப்பக்கம் முழுவதும் புதுக் கறுப்பு. அண்டர் கோட்டிங் என்று அடிப்பாகம் துருப்பிடிக்காமல் இருக்க அடிக்கும் பூச்சு. வாசனைகூடப் போகவில்லை. சட்டம், ஆர்ம், நட்டு எல்லாவற்றையும் ஒரே தார்ப்போர்வை மூடியிருந்தது. விற்கப்போகிற பழைய வண்டியின் அடியில் புதுப் பூச்சு இருந்தால் அக்கா மேற்கொண்டு ஒன்றும் பார்க்க மாட்டார். மோதி வளைந்ததை ஒட்டவைத்தவர்கள், துருவை மறைப்பவர்கள் செய்கிற வேலை அது. "முகத்துக்குப் பவுடர் போடலாம். உள்ளங்காலுக்குப் போட்டா சந்தேகப்படணும்" என்பது அவர் கணக்கு.

மனைவிக்கு முகத்தில் ஈயாடவில்லை. "அண்ணி, திங்கக்கெழமை..."

"தெரியும்மா. ஆனா நான் பார்க்க முடியாததை எப்படி நல்லாயிருக்குன்னு சொல்லுவேன்?"

"சும்மா ஒரு பூச்சுக்காக வண்டியையே வேண்டாங்கறதான்னு கேளு" என்றார் தம்பி. குரலில் சுரத்தில்லை.

அந்த நேரம் பார்த்து டாக்டர் டாக்ஸியில் வந்து இறங்கினார். வழுக்கைத் தலை, தோளில் ஒரு துணிப்பை. வியாபாரம் முடிந்துவிட்டால் கையோடு கையெழுத்துப் போட்டுவிடலாம் என்று வந்திருந்தார். அக்காவைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"நீங்களா! இந்த வண்டிய ஃபெயில் போட்டது நீங்கதானே?"

"உங்க முகம் எனக்கு ஞாபகம் இல்ல டாக்டர். வாய் ஞாபகம் இருக்கு."

"இருக்கும், இருக்கும். அன்னிக்குத் திட்டாத திட்டு இல்ல. புது வண்டிய ஃபெயில் பண்ணிட்டீங்களேன்னு..." டாக்டர் சிரிக்க ஆரம்பித்து, எதிரே யாரும் சிரிக்காததைக் கவனித்தார். "என்னாச்சு?"

"அடியில என்ன டாக்டர் மறைச்சிருக்கீங்க?"

"மறைக்கறதா?"

"எங்க இடிச்சீங்க? எப்ப ஒட்டவெச்சீங்க?"

"நான் எங்கயும் இடிக்கலியேம்மா. அடியில நான் எதுவுமே பூசல."

"அப்ப வண்டி தானா பூசிக்கிச்சா?"

டயர்க்கடைக்காரர் கையிலிருந்த சக்கரத்தை அப்படியே போட்டுவிட்டு வந்தார். கண்ணாடிக் கடையிலிருந்தும் தலைகள் எட்டிப் பார்த்தன. கும்பல் கூடுவதற்கு எந்த ஊரிலும் அழைப்பிதழ் தேவையில்லை. "படிச்சவங்களே இப்படிப் பண்ணா..." என்று யாரோ ஆரம்பித்தார்கள். டாக்டரின் வழுக்கை சிவந்தது. அவர் சாவியைக் கேட்டுக் கையை நீட்டினார். "விடுங்க. நான் இந்த வண்டிய விக்கவே போறதில்ல. குடுங்க சாவிய."

சாவி தம்பியின் கையில் இருந்தது. கொடுத்துவிட்டால் விஷயம் அங்கேயே முடிந்துவிடும். யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது. வண்டி போயிருக்கும், ஹோட்டல் போயிருக்கும், டாக்டரின் பெயரும் அந்தத் தெருவோடு போயிருக்கும்.

"நான்தான்க்கா பூசினேன்."

மனைவியிடம் சொல்லவில்லை. டயர்க்கடையைப் பார்த்துச் சொல்லவில்லை. அக்காவின் கண்ணைப் பார்த்துச் சொன்னார்.

மனைவிதான் முதலில் வாயைத் திறந்தார். "என்னது?"

"நேத்து சாயந்திரம். கழுவி, கோட்டிங் அடிச்சு... அக்கா துருவைப் பார்த்தா ஃபெயில் போட்டுருவாங்கன்னு பயந்துட்டேன். அடி சுத்தமா இருந்தா பாஸ் போடுவாங்கன்னு நெனச்சேன். டாக்டர் சார் மேல ஒரு தப்பும் இல்ல."

பரிசோதகரின் தம்பியாகப் பிறந்தவர் மட்டுமே செய்யக்கூடிய தப்பு இது. வேறு யாராக இருந்தாலும் அடிப்பக்கத்தைப் பற்றி யோசித்திருக்கவே மாட்டார்கள். மேலே பாலிஷ் போட்டுக் கொண்டுவந்திருப்பார்கள்.

அக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அடித்துவிடுவார் என்று நினைத்ததாக டயர்க்கடைக்காரர் சொல்கிறார். அக்கா டாக்டர் பக்கம் திரும்பினார்.

"டாக்டர், தெருவுல நிக்கவெச்சு உங்களைத் தப்பா பேசிட்டேன். மன்னிச்சுக்குங்க." சத்தமாகவே சொன்னார், எட்டிப் பார்த்த தலைகளுக்கும் கேட்கும்படி. பிறகு தம்பியிடம், "சட்டையைக் கழட்டு. குழில இறங்கு."

"எதுக்குக்கா?"

"பூசின கையாலயே துடை."

பூச்சு ஒருநாள் பூச்சுதான். டீசலில் நனைத்த துணிக்கு மசிந்தது. ஆனால் அதற்கடியில் இருப்பது பெயின்ட் கோடு. அழுத்தித் தேய்த்தால் கறுப்போடு மஞ்சளும் போய்விடும். கோடு போய்விட்டால் அந்த நட்டு பிறகு திறக்கப்பட்டதா இல்லையா என்று சொல்ல யாராலும் முடியாது. தம்பி துணியை எடுத்துப் பாத்திரம் தேய்ப்பதுபோல ஆரம்பித்தார்.

"டேய், டேய்! இது என்ன அடிபிடிச்ச சட்டியா? மெதுவா!"

"மெதுவாத்தான்க்கா தேய்க்கிறேன்."

"உன் மெதுவைத்தான் சின்ன வயசுலேர்ந்து பார்க்கிறேனே. ஒரு கதவு மிச்சம் வெச்சியா வீட்டுல?"

குழியின் விளிம்பில் குந்தியிருந்த டாக்டர் பொறுக்கமாட்டாமல் குறுக்கிட்டார். "இப்படித் தேய்ச்சா ஈறே போயிடும் தம்பி." துணிப்பைக்குள் கையை விட்டு ஒரு கொத்து டூத் பிரஷ்ஷை எடுத்தார். நோயாளிகளுக்குக் கொடுக்க வைத்திருந்தவை. "இதால பண்ணுங்க. ரொம்ப மெதுவான நார். வட்டமா, அழுத்தாம. ரெண்டு தடவை சுத்தி, துடைச்சிட்டு, அப்புறம் பாருங்க."

"டாக்டர், உங்களுக்கு என் வேலை நல்லா வருதே" என்றார் அக்கா.

"நானும் வாயத் தொறக்கச் சொல்லி டார்ச் அடிக்கிற ஆளுதானம்மா. ஒரே வித்தியாசம், உங்க ஆளுங்க கத்த மாட்டாங்க."

"வண்டி கத்தாது. ஓனர் கத்துவாரு."

டாக்டர் வாயைப் பொத்திக்கொண்டார்.

அக்கா டார்ச் பிடிக்க, தம்பி தேய்க்க, மனைவி மேலிருந்து புது பிரஷ்களை நீட்ட, மத்தியானம் முழுக்க வேலை நடந்தது. முதலில் இடது ஆர்ம். கறுப்பு விலக விலக ஒரு நட்டின் முனை தெரிந்தது. அதற்குக் கீழே நூல் மாதிரி மஞ்சள். தம்பி கையை நிறுத்திவிட்டார். இன்னும் கொஞ்சம் வட்டமாகத் தேய்த்தார். நட்டிலிருந்து இரும்புக்கு, எங்கும் அறுபடாமல், நேராக ஒரு கோடு.

"அக்கா... இது நீ போட்டதா?"

"வேற யாரு போடுவா?"

அந்த வண்டி எத்தனை மழை, எத்தனை சேறு பார்த்திருக்கும்! கோடு கொஞ்சம் வெளுத்திருந்தது, அவ்வளவுதான். தம்பி அதைத் தொடப்போய், அழிந்துவிடுமோ என்று கையை இழுத்துக்கொண்டார். அடுத்த நட்டும் அப்படியே இருந்தது. வலது பக்க ஆர்மும் அப்படியே.

ஆர்ம் மாற்றியபோது சேர்த்துக் கழற்றி மாட்டிய ஸ்டியரிங் கம்பியின் நட்டில் மட்டும் கோடு உடைந்து விலகியிருந்தது. தம்பி பிரஷ்ஷை எடுத்துவிட்டார். அக்கா டார்ச்சை இன்னும் கிட்டே கொண்டுபோனார்.

"டாக்டர், டயர் எப்ப மாத்தினீங்க?"

"போன வருஷம்."

"சக்கரத்துக்கு அலைன்மென்ட் பார்த்தாங்களா?"

"பார்த்தாங்க."

டயர்க்கடைக்காரர் மேலிருந்து, "நம்ம கடையிலதான்க்கா பார்த்தது" என்றார்.

"சக்கரத்தை நேராக்க இந்த நட்டைத்தான் திருப்புவாங்க, அப்ப இது திரும்பியிருக்கணும். திரும்பாம இருந்திருந்தாத்தான் உங்களைக் கேள்வி கேட்டிருப்பேன்" என்றார் அக்கா. தம்பி அடக்கிவைத்திருந்த மூச்சை விட்டார்.

சட்டத்தில் வளைவில்லை. ஒட்டவைத்த தடமில்லை. துருகூடப் பெரிதாக இல்லை, பூசியிருக்கவே தேவையில்லை. தம்பியின் முகத்தில் திங்கள்கிழமைக் காலை தெரிய ஆரம்பித்தது. அக்கா மெல்ல நகர்ந்து பின்சக்கரத்தடிக்குப் போனார். அங்கே டார்ச் அசையாமல் நின்றது. நெடுநேரம் நின்றது.

"இங்க வந்து பாரு."

பின்பக்கப் பிரேக் ரப்பர் குழாய். வளைகிற இடத்தில், பூச்சைத் துடைத்ததும், மெல்லிய வெடிப்புகள் தெரிந்தன. இன்னும் கசியவில்லை. இன்றைக்கோ நாளைக்கோ கசியாது. ஆனால் கசியும்.

மறுபடியும் பிரேக் குழாய். மறுபடியும் மூன்றே நாளில் நிற்க வேண்டிய ஒப்பந்தம். அக்கா தம்பியைப் பார்க்கவில்லை, டார்ச்சைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஃபெயில்" என்றார்.

மேலே மனைவி கண்ணை மூடிக்கொண்டார்.

தம்பி அந்த வெடிப்பை விரலால் தடவிப் பார்த்தார். கை, முகம், மார்பெல்லாம் கறுப்பு. "இது வர எத்தனை நாளாகும்க்கா?"

"இந்த வண்டிக்கு வெளியூர்லேர்ந்து வரணும். செவ்வாய்க்கெழமை வரலாம்."

"சரி. மாத்திட்டு உன்கிட்டயே கொண்டாறேன்."

அவ்வளவுதான் சொன்னார். குழியிலிருந்து ஏறி, மனைவியின் போனை வாங்கி, கறுப்பு விரலால் ஹோட்டலின் போக்குவரத்து மேலாளருக்குப் போட்டார். எல்லாரும் கேட்கும்படிதான் பேசினார்.

"சார், திங்கக்கெழமை வண்டி வராது... இல்ல சார், வண்டி நல்ல வண்டிதான். எங்க அக்கா ஃபெயில் போட்டுட்டாங்க... ஆமா சார், சொந்த அக்காதான்... பிரேக் ஹோஸ். மாத்தாம உங்க கெஸ்டை நான் ஏத்த மாட்டேன். புதன்கெழமை வரேன். அதுக்குள்ள வேற ஆள் போட்டுட்டீங்கன்னா பரவாயில்ல சார்."

அந்தப் பக்கம் முணுமுணுப்பு. தம்பி, "சரிங்க சார், சரிங்க சார்" என்று வைத்துவிட்டு, "புதன்கெழமை காலைல வாசல்ல நிக்கணுமாம். இல்லன்னா கெடையாதாம்" என்றார்.

"நிக்கும்" என்றார் அக்கா.

புதுக் குழாயை டாக்டரே தன் செலவில் தருவித்துக் கொடுத்தார். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் தம்பி கையாலேயே மாட்டினார். அக்கா சோதித்துவிட்டுப் பையிலிருந்து மஞ்சள் பேனாவை எடுத்தார். தம்பி கையை நீட்டினார்.

"நான் போடட்டுமா?"

"நீ பூசினது போதும்" என்று சொல்லி அக்காவே போட்டார்.

புதன்கிழமை காலை ஹோட்டல் வாசலில் அந்தக் கறுப்பு எஸ்யூவி நின்றது. தம்பி சலவைச் சட்டை போட்டு, தலை வாரி, பரிசோதனை வரலாற்றை நீட்டினார். மேலாளர் புரட்டினார். முதல் பக்கத்திலேயே நின்றார். புருவம் ஏறியது.

"முதல் டெஸ்டே ஃபெயில் ஆன வண்டியா இது?"

பக்கத்தில் வரிசையில் நின்ற மற்ற ஓட்டுநர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பழைய தம்பியாக இருந்தால் மென்று விழுங்கியிருப்பார். இந்தத் தம்பி சலவைச் சட்டையோடு அந்த ஈரத் தரையில் ஒரு முழங்காலை ஊன்றிக் குனிந்தார். இடுப்புப் பையிலிருந்து ஒரு டார்ச்சை எடுத்தார். மாமா கொடுத்தது. பையும் அவர் தைத்தது.

"கொஞ்சம் குனிஞ்சு பாருங்க சார். சக்கரத்துக்கு உள்பக்கம், அந்த நட்டு மேல. மஞ்சளா ஒரு கோடு தெரியுதா?"

மேலாளர் பளபளத்த ஷூவோடு தயங்கித் தயங்கிக் குனிந்தார். "தெரியுது. என்ன அது?"

"அதான் சார் எங்க அக்கா."